சிற்றலை வானொலி வாங்குவோர்க்கு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசவும் இசை பாடவும் வல்லோர் பலர் அமர்ந்துள்ள மேடை இது. நானோ நாற்பதாண்டுக் காலம் கையடக்க வானொலிப் பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டு வாழ்ந்தவன். "ஐயா, ஊரிலிருந்து அப்பா வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். சிற்றலை வானொலி ஒன்று வேண்டும் என்கிறார். புதியது வாங்கலாமா, பழையது வாங்கலாமா?" என்று நம் காலனியில் இவ்வாண்டு மூவர் என்னை வினவினர். அவர்கட்குத் தனித்தனியே கூறியதை இன்று அவையோர்க்கு ஒருசேரக் கூற விழைகின்றேன்.

பெட்டியைத் தேர்வதற்கு முன், கேட்கப் போவது யாது என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதுவே முதல் விதி.

நம் மூத்தோர் சிற்றலையை நாடியமைக்குத் தக்க காரணம் இருந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கிற்று. அந்நாளில் இலங்கை வானொலியே பாடல்களை வாரி வழங்கிற்று. தாராவியிலும் மாதுங்காவிலும் குடியேறிய தமிழன் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வானொலி வைத்திருந்தான். பகலெல்லாம் பிற மொழிகளுக்கிடையே உழைத்தவனுக்கு இரவில் தாய்மொழியைக் கொணர்ந்தது அப்பெட்டிதான். 1941இல் இலண்டனிலிருந்து பிறந்த பி.பி.சி. தமிழோசைக்காக எத்தனை வீடுகளில் இரவு உணவு தள்ளிப்போயிற்று!

அத்தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றுவிட்டது. அக்குரல் திரும்பும் என்றெண்ணிப் பணம் செலவிடுவோர் ஏமாற்றமே அடைவர். தமிழ்ச் செய்தி மட்டும் போதும் என்போர்க்குக் கைப்பேசியே போதும்; இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அவ்வாறாயின் வானொலி வீணா? அன்று. 2005 ஜூலை 26இல் சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்தோமில்லை. பல பகுதிகளில் மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின. பாட்டரியால் இயங்கும் பெட்டி அத்தகைய நாளுக்கு உற்ற துணை. தொலைநாட்டுக் குரலைத் தேடிப் பிடிக்கும் இன்பமோ, அறிந்தவர்க்கே விளங்கும்.

சிற்றலை, வானின் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வது. பொதுவாகப் பகலில் 19, 16 மீட்டர் வரிசைகளும், இரவில் 49, 41, 31 மீட்டர் வரிசைகளும் நன்கு ஒலிக்கும். முந்நூறை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். நிலையங்களின் அட்டவணை மார்ச்சு இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் மாறும். நீங்கள் விரும்பும் நிலையம் இன்றும் ஒலிக்கின்றதா, எந்த நேரத்தில் எந்த எண்ணில் என்பதை உசாவிய பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

புதியது வாங்குவோர், அலை எண்ணை இலக்கத்தில் காட்டும் பெட்டியை வாங்குக. முள் நகரும் மலிவுப் பெட்டிகளில் நெருங்கிய இரு நிலையங்களைப் பிரிப்பது கடினம். சிற்றலை முழுவதையும் இடைவெளியின்றிப் பிடிக்கின்றதா என்றும் பாருங்கள். "எட்டு பாண்டு", "பத்து பாண்டு" என்று அட்டையில் அச்சிட்டிருப்பது தரத்துக்குச் சான்றாகாது. முதியவர்க்கு வாங்கினால் பெரிய எழுத்தும் பெரிய திருகும் உள்ளதாகப் பாருங்கள். பல பொத்தான்கள் அவர்க்குத் துன்பமே தரும்.

பழையது வாங்குவோர்க்கு என் பிழையே பாடம். பல்லாண்டுகளுக்கு முன் பழம்பொருள் கடையொன்றில் ஒரு பெட்டியைக் கண்டேன். கடைக்காரர் மத்திய அலையில் உள்ளூர் நிலையத்தை வைத்தார், கணீரென்று ஒலித்தது. இரு வார மிகைநேரக் கூலியைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் சிற்றலைக்குத் திருப்பினால் மூச்சே இல்லை! அலை மாற்றும் விசை உள்ளே கெட்டிருந்தது. குற்றம் கேட்டுப் பார்க்காத என்னுடையது.

ஆதலின் லாமிங்டன் சாலைக்குச் செல்லினும் சோர் பஜாருக்குச் செல்லினும் நல்ல பாட்டரிகளை உடன் கொண்டு செல்லுங்கள். பாட்டரி அறையைத் திறந்து பச்சையோ வெண்மையோ பூத்திருக்கின்றதா என்று நோக்குங்கள். ஒலித் திருகைச் சுழற்றிக் கரகரப்பைக் கேளுங்கள். இழுப்புக் கம்பியை முழுதும் நீட்டிப் பாருங்கள். கடைக்குள் நில்லாது தெருவுக்கு வந்து, அந்தி வேளையில், ஒவ்வொரு சிற்றலை வரிசையையும் கேளுங்கள். கேட்க விடாதவரிடம் வாங்காதீர்கள். சோனி ஐ.சி.எஃப். எஸ்.டபிள்யூ. 7600 ஜி.ஆர். போன்ற புகழ்பெற்ற பெட்டிகள் இப்போது செய்யப்படுவதில்லை. பழுதானால் உதிரிப் பொருள் கிடைப்பது அரிது என்பதையும் விலை பேசும்போது நினைவிற் கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் அடுக்ககங்களில் எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி மின்னூட்டியும் எழுப்பும் இரைச்சல் சிற்றலைக்குப் பெரும்பகை. பெட்டியைச் சன்னலோரம் வையுங்கள். பத்தடிக் கம்பியொன்றை இழுப்புக் கம்பியில் மாட்டுங்கள். மின் கம்பிகளின் அருகே மட்டும் கொண்டு போகாதீர்கள். இடி மின்னலின்போது அதைக் கழற்றிவிடுங்கள். இயன்றால், வாங்குமுன் ஒரு பெட்டியை இரவல் பெற்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். இரைச்சல் மிகுந்த வீட்டில் விலையுயர்ந்த பெட்டியும் தோற்கும்.

பரண்மேல் அப்பாவின் பழைய பெட்டி கிடந்தால், முதலில் அதைத் துடைத்துப் புதுப் பாட்டரி இட்டுப் பாருங்கள். ஒருகால் காசே செலவாகாது.

இறுதியாக, அம்மூவர்க்கும் நான் கூறிய சொல் இது: பெட்டியைக் கொடுத்துவிட்டு அகன்று விடாதீர்கள். அன்று ஒரு பெட்டியைச் சுற்றி வீடே அமர்ந்திருந்தது. அவர் தேடுவதில் பாதி அந்த வீடுதான். அரை மணி நேரம் அருகமர்ந்து, அவரோடு சேர்ந்து திருகைச் சுழற்றுங்கள்.