தெருவும் பதிவேடும்: காவிரிப் படுகையில் சபையாய் இருப்பது



திருச்சபையாய் இருப்பதில் ஒரு புதிய வழி வேண்டும் என்ற பேச்சு நம் பகுதிக்குப் புதிதல்ல. 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள் அதைத் தங்கள் முழக்கமாக்கினார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் அது அன்பியம் என்ற அழகான பெயரோடு இறங்கியது. அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும் இருபது முப்பது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, தங்கள் பாடுகளைப் பேசிக்கொள்வது. கோபுரத்திலிருந்து திண்ணைக்குத் திருச்சபை இறங்கி வருகிறது என்றார்கள்.

தஞ்சாவூர் வட்டாரத்து ஊர் ஒன்றில் அடுத்த வீடு என்றால் என்ன பொருள்? குடியானத் தெருக்காரருக்கு அடுத்த வீடு குடியானத் தெருவில் இருக்கும். சேரிக்காரருக்கு அடுத்த வீடு சேரியில் இருக்கும். நடுவில் ஒரு வாய்க்காலும் நாலு வயலும் கிடக்கும். தெருவாரியாகப் பிரித்தால் அது சாதிவாரியாகப் பிரித்ததாகிவிடும். கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஊரின் வரைபடத்தைப் பார்க்காமல் செய்தார்கள். மண்ணோடு ஒட்டிக் கிடந்த சாதிக்கு ஜெபக்கூட்டம் என்று இன்னொரு பெயர் கிடைத்தது.

இந்த வரைபடம் பழையது. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கிய கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இராஜநாயக்கனின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்தவர், பறையர். கத்தோலிக்கராகப் பிறந்து, தரங்கம்பாடி அச்சில் வந்த தமிழ் வேதபுத்தகத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பியப் பாதிரிகள் எளிதில் நுழைய முடியாத காலத்தில் ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்த உபதேசியார் அவர். 1733-இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741-இல் அடுத்த குருவைத் தேடியபோது இராஜநாயக்கனின் பெயரும் பேச்சில் வந்தது. ஆனால் பறையர் கையிலிருந்து மேல்சாதிக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். தியோகு என்பவருக்கு அந்த அபிஷேகம் போயிற்று. இராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே இறந்தார்.

அப்பத்தில் குற்றமில்லை, வார்த்தையில் குற்றமில்லை. கைதான் சிக்கல். இந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டே தஞ்சைத் திருச்சபையின் முந்நூறு ஆண்டு வரலாற்றை எழுதிவிடலாம் என்று எங்களுக்கு அவ்வப்போது தோன்றும்.

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி பார்க்கக் கூடாது என்றார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே, 1829-இல், வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார். சுவார்ட்சிடம் வளர்ந்தவர், சரபோஜியின் அவைப் புலவர், அவருடைய பாடல்களை இன்றும் சேரிச் சபைகளில் நம் அம்மாக்கள் கண்ணீரோடு பாடுகிறார்கள். பாட்டை நாம் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் பாடியவர் எங்களோடு ஒரே பாயில் உட்கார மறுத்தவர்களின் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்போம்.

இப்போது பண்பாடு மாறிவிட்டது என்கிறார்கள். மாறித்தான் இருக்கிறது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-இல் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அது டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. டெல்டாக் கோயில்களில் அந்த இரவின் பூசையில் இன்றுவரை அவர்களுக்காக ஒரு மன்றாட்டு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இன்று அறுவடைக்கு இயந்திரம் வருகிறது, பல ஊர்களில் நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆள் வருகிறது. நம் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பண்ணையை நம்பி யாரும் இல்லை. பண்ணையை நம்பியிருந்த காலத்தின் இருக்கை வரிசை மட்டும் கோயிலில் அப்படியே இருக்கிறது.

சேரிக்குள் இன்று எழும்பியிருப்பது வேறு ஒரு சபை. தொகுப்பு வீட்டின் முன்னால் தகரம் போட்டு, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு ஒலிபெருக்கி. நடவுக்குப் போய்வந்த பெண்ணே எழுந்து ஜெபிப்பார், நோயாளியின் தலையில் கை வைப்பார். குருவாகும் கை யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்த ஆயர் பேரவையும் தீர்மானம் போடாமல் வந்த புதிய வழி இது. சமூகவியல் படித்த நம்மில் பலர் இதைப் பெந்தெகொஸ்தே அலை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சோம்பல் நமக்கு வேண்டாம்.

இந்தச் சபைகள் பலவற்றில் பெயர்ப் பதிவேடு கிடையாது. ஏன் என்பதைக் கேட்டால்தான் விஷயம் புரியும். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு கட்டியது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த பறையர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு இல்லை, தனி வார்டில் நிற்கும் உரிமை இல்லை. ஆனால் டீக்கடையில் அவர் யார் என்பது எவருக்கும் மறப்பதில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அந்த வழக்கில் அவருக்கு எதிராக நின்ற சான்றுகளில் ஒன்று, குழந்தையாக இருந்தபோது கோயில் பதிவேட்டில் எழுதப்பட்ட ஞானஸ்நானக் குறிப்பு.

ஒரு பங்குத்தந்தை அன்போடு எழுதிய ஒரு வரி, முப்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறது. இதைப் பார்த்த தாய் தன் பிள்ளையின் பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதச் சொல்வாள்? பாலகிருஷ்ணன் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது. நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. அந்தத் தாயின் கணக்கில் இதுவரை எதுவும் வரவாகவில்லை.

இந்த வீட்டுச் சபைகளைக் கொண்டாடிவிட்டுப் போக நாம் வரவில்லை. தசமபாகக் கணக்கைக் கேட்டால் சாபம் என்று மிரட்டும் பாஸ்டர்களும் அங்கே உண்டு. பறையைப் பேயின் வாத்தியம் என்று சொல்லி வாசிக்கிறவனையே வெட்கப்பட வைக்கிறார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதைத் திருவிருந்தாகப் பார்த்தார். அவர் 2005-இல் மறைந்தார். அந்த உலை டெல்டாவின் எந்தக் கோயில் அடுப்பிலும் இன்னும் ஏறவில்லை.

கடைசியாகச் சாவுக்கு வருவோம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் செத்தால் பங்குக் கல்லறையில் இடம் கேட்க முடியாது. ஊர்ச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. சேரியின் பாடை வாய்க்கால் தண்ணீரில் இறங்கித்தான் போகிறது. பெயர் உள்ளவருக்கும் எல்லாம் சுகம் என்றில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் நின்ற சாதிச் சுவரை இடிக்க 2010-இல் புறப்பட்டவர்கள் கடவுள் இல்லை என்று சொல்லும் பெரியார் இயக்கத் தோழர்கள். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையத்தில் தலித் கத்தோலிக்கர் பாகுபாட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

புதிய வழி பேசும் ஆயர்களிடமும் சினாட்டுகளிடமும் நாம் கேட்பது சிறியது. அன்பியத்தைத் தெருவை வைத்துப் பிரிக்காதீர்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பத்து வீடு, அந்தப் பக்கம் பத்து வீடு என்று சேர்த்துப் போடுங்கள்; ஒரு வாரம் கூட்டம் எங்கள் வீட்டில், அங்கேயே காப்பி. பெயர் கேட்காமல், சான்றிதழ் கேட்காமல், தங்களைச் சபை என்று சொல்லிக்கொள்கிற எவருக்கும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட இடம் கொடுங்கள். ரோமாபுரியிலிருந்து இதற்கு ஓலை வர வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவை கூடி ஒரு தீர்மானம் எழுதினால் போதும்.