வைத்தியசாலையும் வருங்காலமும்
(முட்டுக்காட்டில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

வைத்தியசாலை நிதிக்கென நம்மவர் பலர் மனமுவந்து அளித்த பொருள் சங்கத்தின் கையில் சேர்ந்திருக்கிறது. அதனைக்கொண்டு இக்கடற்கரைச் சாலையோரத்தில் நான்கு அடுக்கு மாளிகை ஒன்றை உடனே எழுப்பிவிட வேண்டுமென அன்பர் சிலர் விரைகின்றனர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கதே. எனினும் கால்கோள் விழாவுக்கு முன் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கட்டடம் நூறாண்டு நிற்கும். நோயோ அத்தனை காலம் ஒரே விதமாய் நில்லாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது செங்கற்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்தை நோக்குங்கள். இங்கிலாந்திலே மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக நிலையம் நடத்தி, 1917-இல் கணித மேதை ராமாநுஜத்துக்கும் சிகிச்சை செய்த டாக்டர் சௌரி முத்து என்பார், 1928-இல் தாம்பரத்தில் ஒரு ஸானடோரியத்தை ஸ்தாபித்தார். அக்காலத்தில் க்ஷயத்தைத் தீர்க்கும் மருந்து கிடையாது. தூய காற்றும், வெயிலும், நல்லுணவும், ஓய்வுமே சிகிச்சை. ஆதலின் பட்டணத்துக்கு வெளியே சுமார் 250 ஏக்கர் பரப்பில் அந்நிலையம் அமைந்தது. 1937-இல் சர்க்கார் அதனை ஏற்றுக்கொண்டனர்.

பின்னர் மருந்துகள் தோன்றின. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அங்குள்ளோர் நோயாளரை இரு பகுதியாராகப் பிரித்து, ஒரு பகுதியாரை ஸானடோரியத்திலும், மற்றவரை அவரவர் ஏழைக் குடில்களிலும் இருத்தி, ஓராண்டு மருந்தளித்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர் என்னும் முடிவு 1959-இல் வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காக உண்டால் வீடே போதும் என்று ஏற்பட்டபின், உலகெங்கும் ஸானடோரியங்கள் வேலையின்றி மூடப்படலாயின.

தாம்பரம் மூடப்படவில்லை. 1986-இல் எச்.ஐ.வி. கிருமி சென்னையில் கண்டறியப்பட்டது. அந்நோயாளரை அணுகவும் பலர் அஞ்சிய தொண்ணூறுகளில், தாம்பரம் அவர்களை ஏற்றது. எய்ட்ஸ் கண்டோரைப் பெரிதும் வருத்துவது க்ஷயமே. அதில் தேர்ந்த வைத்தியரும் தாதியரும் அங்கே இருந்தனர். தனித்தனி வார்டுகளும், மேலும் கட்ட இடமும் இருந்தன. 2004 ஏப்ரலில் இந்திய சர்க்கார் இலவச எய்ட்ஸ் மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு ஆஸ்பத்திரிகளுள் தாம்பரமும் ஒன்று. ஒரு நோய்க்கென வாங்கிய நிலம், எவரும் எதிர்பாராத வேறொரு நோய்க்கு உதவிற்று.

செங்கற்பட்டை அடுத்த திருமணியின் வரலாறும் இத்தகையதே. குஷ்டரோகிகளுக்குப் புகலிடமாயிருந்த அவ்விடத்தில் டாக்டர் காக்ரேன் நாற்பதுகளில் ஸல்போன் மருந்தைப் பரீக்ஷித்தார். 1955-இல் மத்திய சர்க்கார் அதனை ஆராய்ச்சியும் போதனையும் நிகழும் நிலையமாக்கினர். அதே செங்கற்பட்டில் பெரும்பொருட் செலவில் எழுந்த தடுப்பூசித் தொழிற்சாலையோ, 2021 மே மாதத்தில், நாடே தடுப்பூசிக்குத் தவித்த வேளையில், உற்பத்தியின்றிக் கிடந்தது. கட்டுவதற்குப் பொருள் தேடுவது பாதி வேலை. நடத்துவதற்குப் பொருள் வைப்பது மற்றப் பாதி.

இனி நாம் கூடியுள்ள இம்முட்டுக்காட்டுக்கு வருவோம். பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிலையம் 2005 முதல் இங்கே நடைபெறுகிறது. அங்கே சிகிச்சையும், கல்வியும், தொழிற்பயிற்சியும், ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஊனமுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஊர் ஊராய் அலையாதிருக்க அதுவே வழி. நமது நிலையமும் அத்தகைய ஸ்தாபனங்களின் அருகிலிருந்து அவற்றுக்குத் துணையாதல் நன்று. ஆயின் இவ்வூரின் ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையை இக்கரை மறவாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியினுள் புகுந்து மின்சாரம் நின்றமையால், நோயாளிகளை வேறிடம் கொண்டுசெல்ல நேர்ந்ததையும் அறிவோம்.

ஆகவே நாம் சங்கத்தாருக்குச் சொல்ல விரும்புவன நான்கு. முதலாவது, நிலத்தை வேண்டியதினும் மிகுதியாக வாங்கி, பாதியை வெறுமையாய் விட்டுவைக்க வேண்டும். இரண்டாவது, பாரத்தைத் தூண்களே தாங்கட்டும். இடைச்சுவர்கள் வேண்டும்போது அகற்றத்தக்கனவாய் இருக்கட்டும். குழாய்களும் மின்கம்பிகளும் சுவருக்குள் புதையாது, எளிதில் மாற்றும்படி வெளியே செல்லட்டும். மூன்றாவது, மின்னாக்கியும் மருந்துக் கிடங்கும் கீழ்த்தளத்தில் ஒருபோதும் வேண்டா. நான்காவது, நிதியில் பாதிக்குமேல் கட்டடத்துக்குச் செலவிடாமல், எஞ்சியதை மூலதனமாக வைத்து, அதன் வட்டியால் வைத்தியர் சம்பளமும் பழுதுபார்ப்பும் நடைபெறச் செய்ய வேண்டும்.

பெரிய மாளிகை இல்லையெனில் சங்கத்துக்குப் பெருமை ஏது என்று கேட்போர் உளர். தாம்பரத்தில் ஆரம்பத்திலிருந்த படுக்கைகள் மிகச் சிலவே என்பதை அவர்கள் நினைவிற்கொள்வாராக. முகப்பிலே கொடையாளர் பெயர்களைத் தாராளமாய்ப் பொறியுங்கள். எந்த நோயின் பெயரையும் பொறிக்க வேண்டா. எந்த ஜாதியார்க்கும் அதன் கதவு திறந்திருக்கட்டும்.

நம் பேரக்குழந்தைகளுக்கு எந்த நோய் வருமென்று நம்மால் சொல்ல முடியாது. அவர்கள் கட்டிக்கொள்ள இடம் விட்டுச் செல்வது நம்மால் முடியும். இவ்விஷயத்தை நிர்வாக சபையார் முடிவுசெய்யுமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் தத்தம் இல்லத்தாருடன் கலந்து யோசித்துத் தம் கருத்தை எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.