சேவையின் படிகளில் நம் பெண்மக்கள்



பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு 1951 ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் சாரணியர் அமைப்பு இணைந்தது. இதில் சேரும் மாணவியர் முதலுதவியும் சமூகத் தொண்டும் பயின்று, பிரதம, துவிதீய, திருதீய சோபானம் என்னும் மூன்று படிகளைக் கடந்த பின்னரே ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார் விருதை எட்டமுடியும். அதனினும் மேலானது குடியரசுத் தலைவர் விருது. ஆகவே இஃது ஒருநாள் பரிசன்று. பல்லாண்டுத் தொண்டின் பயன்.

எட்டாம் வகுப்போடு மகளை நிறுத்திவிட்டால் அவ்வழி அங்கேயே அடைபடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நாம் அறிவோம். அத்தகைய நாளில் காயத்திற்குக் கட்டுப்போடத் தெரிந்த கை வீட்டுக்கு ஒன்று வேண்டாமா?

ஆசிரியை உடன் செல்கிறாரா, தங்குமிடம் பாதுகாப்பானதா எனக் கேட்டறிவது பெற்றோரின் கடமை. மனம் நிறைவுற்றபின் அனுப்பிவைப்பதும் கடமையே என நாம் கருதுகிறோம்.