கடலை நேசித்த ஏங்கெல்ஸ்

(ஏங்கெல்ஸ் நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

லண்டன் ஹைகேட் இடுகாட்டில் மாமேதை மார்க்சின் கல்லறை இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வரும் தோழர்கள் அங்கே மலர் வைத்து வணங்கிச் செல்கிறார்கள். அவருடைய உற்ற தோழர் ஃபிரெடெரிக் ஏங்கெல்சுக்கோ கல்லறையே கிடையாது. 1895 ஆகஸ்ட் 5 அன்று அவர் மறைந்தார். தமது உடலை எரியூட்டி, சாம்பலை முதல் வாய்ப்பிலேயே கடலில் இட்டுவிட வேண்டும் என்று, அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் மாதத்திலேயே, உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்களுக்கு அவர் எழுதி வைத்திருந்தார். அதன்படி ஆகஸ்ட் 27 அன்று மார்க்சின் இளைய மகள் எலியனார், அவருடைய துணைவர் எட்வர்ட் அவேலிங், எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், கம்யூனிஸ்ட் லீகின் மூத்த தோழர் லெஸ்னர் ஆகிய நால்வரும் ஈஸ்ட்போர்ன் கரையிலிருந்து சிறு படகில் சென்று, பீச்சி ஹெட் குன்றுக்கு அப்பால் கடலில் அச்சாம்பலை இட்டனர்.

நம் நாட்டில் அஸ்தியைக் கடலில் கரைப்பது ஒரு சடங்கு. ஏங்கெல்சுக்குச் சடங்குகளில் நம்பிக்கை இருந்ததில்லை. அவர் கடலைத் தேர்ந்துகொண்டதன் பொருளை அவருடைய வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

ஏங்கெல்ஸ் இளமை முதலே கடலை நேசித்தவர். பிரேமன் நகரில் வணிகப் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், 1840 கோடையில், பிரேமர்ஹாபன் துறைமுகத்திற்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 19. கடற்காற்றையும் பாய்மரங்களையும் ரசித்த அதே கண்கள், அமெரிக்காவுக்குப் புறப்பட நின்ற கப்பலின் கீழ்த்தளத்தையும் கண்டன. பிழைப்புத் தேடிச் செல்லும் ஏழைக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக் கிடக்க நேர்வதை அவர் கட்டுரையாக எழுதினார். ஒரே கப்பலில் மேல்தளம் ஒரு வர்க்கத்திற்கும் கீழ்த்தளம் மற்றொரு வர்க்கத்திற்கும் உரியதாக இருப்பதை அந்த இளைஞர் அன்றே கண்டுகொண்டார்.

1849இல் பாடன் எழுச்சி முறியடிக்கப்பட்ட பின்னர், அதில் ஆயுதமேந்திப் போரிட்ட ஏங்கெல்ஸ் ஜெனோவாவிலிருந்து பாய்மரக் கப்பலில் லண்டனுக்குப் பயணமானார். தோல்வியுற்று நாடிழந்து சென்ற அந்தப் பயணத்திலும் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. சூரியனின் நிலை, காற்றின் திசை, கடலின் தன்மை ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைத்துக் கப்பலோட்டும் கலையைக் கற்றார்.

அதன்பின் மான்செஸ்டரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமக்குப் பிடிக்காத வணிக வேலையைச் செய்தார். மார்க்சின் குடும்பம் உயிர்வாழவும் ‘மூலதனம்’ எழுதப்படவும் அந்த உழைப்பே வழிசெய்தது. அக்காலத்தில் அவருடைய இல்லத்திற்கு உயிராக விளங்கியவர்கள் மேரி பர்ன்ஸ், லிஸ்ஸி பர்ன்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்துச் சகோதரிகள். 1863 ஜனவரியில் மேரி திடீரென மறைந்தார். செய்தியறிந்த மார்க்ஸ் ஓரிரு வரிகளில் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தமது பணமுடையைப் பற்றி எழுதினார். ஏங்கெல்ஸ் மனம் நொந்தார். சில நாட்கள் பதிலே எழுதவில்லை. மார்க்ஸ் தம் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்ட பின்னரே அந்த நட்பு மீண்டது. ஒரு தோழரின் துணைவியுடைய மறைவைச் சிறிய செய்தியாகக் கருதும் பிழை மார்க்சுக்கே நேர்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதிலிருந்து கற்றுக்கொள்வதே நமக்கு நல்லது.

பின்னர் லிஸ்ஸி அவருடைய வாழ்க்கைத் துணையானார். கல்வி பெறும் வாய்ப்பு கிட்டாதவர். ஆனால் அயர்லாந்தின் விடுதலைக்காகத் துடித்தவர். தம் வர்க்கத்தின்பால் லிஸ்ஸி கொண்டிருந்த உணர்ச்சிமிக்க பற்று, முதலாளித்துவ வீடுகளின் படித்த பெண்களுடைய நயநாகரிகத்தைக் காட்டிலும் தமக்குப் பெரிதும் உயர்ந்தது என்று ஏங்கெல்ஸ் பிற்காலத்தில் எழுதினார். 1869 கோடையில் அவர் வணிக வேலையிலிருந்து விடுபட்டபோது, கைத்தடியைச் சுழற்றிப் பாடிக்கொண்டே வீடு திரும்பிய காட்சியை, அங்கே தங்கியிருந்த எலியனார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தச் செப்டம்பரில் ஏங்கெல்ஸ், லிஸ்ஸி, எலியனார் மூவரும் கடல் கடந்து அயர்லாந்து சென்றனர். ஐரிஷ் ஏழைகள் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்த அதே கடல் அது.

லிஸ்ஸி நோயுற்றபோது ஏங்கெல்ஸ் அவரைக் கடற்கரை ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். 1876 கோடையில் ராம்ஸ்கேட் கரையில் துணைவியின் உடல்நலத்தைக் கவனித்துக்கொண்டே டூரிங்கின் நூலைப் படித்தார். ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்னும் பெருநூலுக்கான தயாரிப்பு அவ்வாறு கடலோரத்திலும் நடந்தது. 1878 செப்டம்பர் 11 அன்று, மரணப் படுக்கையில் இருந்த லிஸ்ஸியின் விருப்பப்படி இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொண்டனர். அரசும் திருச்சபையும் வழங்கும் திருமணச் சான்றை ஏங்கெல்ஸ் பொருட்படுத்தாதவர். ஆயினும் துணைவியின் மனநிறைவைத் தம் கருத்தைவிடப் பெரிதாக மதித்தார். மறுநாள் விடியுமுன் லிஸ்ஸி மறைந்தார். கென்சல் கிரீனில் அவருடைய கல்லறைக் கல் ‘ஃபிரெடெரிக் ஏங்கெல்சின் மனைவி’ என்று அவரைக் குறிக்கிறது. தமக்கெனக் கல்லறை வேண்டாதவரின் பெயர், ஒரு தொழிலாளிப் பெண்ணின் கணவர் என்ற முறையில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

லிஸ்ஸியின் சகோதரர் மகளான ‘பம்ப்ஸ்’ அந்த வீட்டிலேயே வளர்ந்தார். அத்தையின் மறைவுக்குப் பின்னும் மாமாவின் ஆதரவு அவருக்குக் குறையவில்லை. மார்க்சின் மகள்களுக்கு ஏங்கெல்ஸ் இரண்டாவது தந்தை. கோடைக்காலங்களில் ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் இளையவர்களும் குழந்தைகளும் சூழ இருந்தபடியே ‘மூலதனம்’ இரண்டாம், மூன்றாம் தொகுதிகளின் சுமையை அவர் தாங்கினார். 1888இல், 67 வயதில், எலியனார் உள்ளிட்டோருடன் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றார். மோசமான வானிலையிலும் அவர் கப்பலின் மேல்தளத்தில் உலவினார் என்றும், தடை எதிர்ப்பட்டால் சுற்றிப் போகாமல் தாண்டியே சென்றார் என்றும் உடன் சென்ற அவேலிங் எழுதியிருக்கிறார். 1895 கோடையில், தொண்டைப் புற்றுநோய் முற்றிய நிலையிலும், அவர் இறுதியாகச் சென்று தங்கியது அதே ஈஸ்ட்போர்னில்தான். தமது சொத்தின் பெரும்பகுதியை மார்க்சின் மகள்களுக்கும் பேரக்குழந்தைகளுக்குமே விட்டுச் சென்றார்.

தோழர்களே! நமது நினைவுக் கூட்டங்களில் மறைந்த தோழரின் சிறைவாசமும் அவர் வகித்த பொறுப்புகளும் எடுத்துரைக்கப்படுகின்றன. அது அவசியமே. ஆனால் நள்ளிரவில் வந்த தோழர்களுக்குச் சோறிட்டவர், தலைமறைவுக் காலத்தில் குழந்தைகளைத் தனியே வளர்த்தவர் பெரும்பாலும் முன்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார். ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ நூலை வகுப்பில் படித்துவிட்டு வீட்டில் மறந்துவிட்டால், அதைப் படித்ததாகப் பொருளில்லை.

மாலையிட ஒரு கல்லைக்கூட ஏங்கெல்ஸ் விட்டுச் செல்லவில்லை. முடிக்கப்பட வேண்டிய வேலைகளையும், அன்பு செலுத்தப்பட வேண்டிய மனிதர்களையுமே நம் பொறுப்பில் விட்டுச் சென்றார். அந்தப் பொறுப்பை வெளியிலும் வீட்டிலும் ஏற்பதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.