இரத்தம் உறையாத பிள்ளையும் புது ஊசியும்

(எம்.ரெட்டியபட்டி தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பையனுக்குப் பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. ஓடி விளையாடினால் முட்டி வீங்குகிறது. உடனே, "மருமக கொண்டுவந்த சீக்கு" என்று பழி போடுகிறோம். இது ஹீமோஃபீலியா என்னும் பரம்பரை நோயாக இருக்கலாம். பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும். ஆனால் அது தாயின் குற்றமல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திராது.

இரத்தத்தை உறையச் செய்யும் பொருள் குறைவதே இந்நோய். நம்ம கண்மாயை நினைத்துப் பாருங்கள். வரத்து குறைந்தால் மடையைக் கொஞ்சம் அடைப்போம் அல்லவா? இரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற பொருளும் உண்டு, அதுதான் மடை. ஜீன் அனுப்பும் கட்டளையின் நகலைப் பார்த்துக் கல்லீரல் அதைச் செய்கிறது. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய மருந்து அந்த நகலை வெட்டிவிடும்.

வெறுமனே செலுத்தினால் இம்மருந்து இரத்தத்திலேயே சிதைந்துபோகும். ஆகவே வேறொரு நோய்க்கு 2018-இல் வந்த இவ்வகை முதல் மருந்தைக் கொழுப்பு உறையில் பொதிந்து அனுப்பினார்கள். பிறகு ஒருவகைச் சர்க்கரையோடு இணைத்தார்கள். கல்லீரல் அந்தச் சர்க்கரையை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். தபாலுக்கு விலாசம் எழுதுவது மாதிரிதான்.

இப்படி அமைந்த ஃபிட்டுசிரான் ஊசிக்கு அமெரிக்காவில் 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் போடுவது, பலருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். மடையை ரொம்ப அடைத்தால் இரத்தம் குழாயிலேயே கட்டிக்கொள்ளும். ஆகவே பரிசோதித்துக்கொண்டே போட வேண்டும். இது ஜீனை மாற்றாது. நிறுத்தினால் பழைய நிலைதான்.

ஜீனையே சேர்க்கும் சிகிச்சையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐந்து பேருக்குச் செய்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு இரத்தக்கசிவு இல்லை என்று 2024-இல் வெளியான முடிவு சொல்கிறது.

புது மருந்து யாருக்கு ஏற்றது என்பதைச் சிறப்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை பிள்ளையைக் காப்பது நம் கையில். வீக்கம் கண்டால் பச்சிலை கட்டிக் காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் சதையில் ஊசி வேண்டாம். ஹீமோஃபீலியா சிகிச்சை மையம் உள்ள அரசு மருத்துவமனைகளில் உறைய வைக்கும் ஊசி இலவசம்.

பெண்ணின் உடன்பிறந்தானுக்கோ தாய்மாமனுக்கோ இந்நோய் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே பரிசோதனை செய்யுங்கள். தாய் இந்த ஜீனைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மனைவியை மட்டும் அனுப்பாமல் கணவரும் கூடவே போங்கள்.