ஆறாத பல்லும் ஒரு நாள் சம்பளமும்

(ஜொகூர் மாநிலத் தோட்டக் கிளை ஒன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளமும் போனசும் பேசும் மேடையில் பல்லைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே கிராணி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், சிரிப்பதற்கும் பல் வேண்டும்!

நமக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்துகொண்டோம். வலி நின்றது. ஓராண்டு சென்றதும் ஈறில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைத்தது. நரம்பை எடுத்த பல் மறுபடி எப்படி நோகும் என்று கேட்டோம். பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தில் வேர் நுனியில் ஒரு கருநிழலைக் காட்டினார். அந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர். ஆனால் உள்ளே நான்காவது கால்வாய் ஒன்று ஒளிந்திருப்பதுண்டு. முதல் முறை அது அகப்படவில்லை. கிருமி அங்கே குடியிருந்தது.

இது உங்களுக்குப் புரியாத சங்கதியா? மறுநடவின்போது வெள்ளை வேர்நோய் பிடித்த பழைய கட்டையை மண்ணில் விட்டுவைத்தால், புதுக்கன்றையும் அந்நோய் தொற்றும். பல்லும் அப்படியே. பழைய அடைப்பை எடுத்து, மருந்து நீரால் கழுவி, விட்டுப்போன கால்வாயைத் தேடித் துப்புரவாக்கி, மீண்டும் அடைத்து மூடவேண்டும். இரண்டு மூன்று தடவை போக நேரும். எலும்பு ஆறப் பல மாதங்கள் ஆகும். எல்லாப் பல்லும் பிழைக்கும் என்பதற்கில்லை. வேர் பிளந்த பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும்.

அந்த அடைப்பு எது தெரியுமா? கெத்தா பெர்ச்சா! அதுவும் மரத்துப் பால்தான். 1843-ல் சிங்கப்பூரிலிருந்து டாக்டர் மான்ட்கோமரி அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையாயிற்று. ஜொகூர்க் காடுகளில் எடுத்த அந்தப் பாலால் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிமுக்குச் செல்வம் குவிந்தது. சிகிச்சையின்போது எச்சில் படாதிருக்கப் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர்த் தாளும் 1864 முதல் வழக்கில் உள்ளது. பாலெடுக்கும் நமக்கு அந்தச் சிகிச்சை எட்டாக்கனியா?

எட்டாததற்குக் காரணம் சம்பளம். வலி நின்றதும், 'இன்னொரு நாள் பேர் போகுமே' என்று பாதியில் விட்டுவிடுகிறோம். அல்லது முதல் நாளே பிடுங்கச் சொல்கிறோம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வீங்கிய முகத்தோடு ஓர் அக்காள் பல் டாக்டரின் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பல் டாக்டர் சீட்டு செல்லாது என்று சொல்லி, செக்ரோலில் நம் கையாலேயே 'வரவில்லை' என்று எழுதினோம். அடுத்த தவணைக்கு அவர் போகவில்லை. பல்லை இழந்தார். நமக்குப் பல் நொந்தபோதுதான் சட்டத்தைப் புரட்டினோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு பல் டாக்டர் தரும் நோய் விடுப்பையும் ஏற்கிறது! அக்காளிடம் மன்னிப்புக் கேட்டோம். நிர்வாகத்திடம் பேசி அந்த நாள் சம்பளத்தை வாங்கிக் கொடுத்தோம். பல்லை வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

தோழர்களே, மனத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் தங்காத நோய்க்கு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். வந்து போனதற்கான சீட்டு வேறு, விடுப்புச் சீட்டு வேறு, பார்த்து வாங்குங்கள்.

கிராணிமார்களே, பேனா நம் கையில் இருக்கிறது. எழுதுமுன் சீட்டைப் படியுங்கள். ஐயம் வந்தால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

தொடங்கிய சிகிச்சையை முடிப்போம், முடியாதது ஆறாது.