நோய் தீர்ந்தது, கடமை தீரவில்லை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். மெட்ரிக்குலேஷன் தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவர். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தமிழகத்திலிருந்து இம்மும்பை மாநகருக்குப் பிள்ளைகளுடன் வந்து திரும்பும் பெற்றோருக்குச் சலுகைச் சீட்டு வழங்குவது எம் அன்றாட அலுவல். ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமில்லை. உடன் வருவோருக்கு 75 விழுக்காடு குறைவு. நலம் பெற்றுத் திரும்பும் குழந்தையைக் கண்டு மகிழ்வோம். அதன்பின் நிகழ்வதை எம் இல்லத்திலேதான் அறிந்தோம்.

எம் தமக்கையாரின் மகனுக்கு ஏழாம் வயதில் சிறுமூளையில் கட்டி உண்டாயிற்று. பிள்ளைகளைத் தாக்கும் மூளைப் புற்றுக்கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படும் மெடுல்லோபிளாஸ்டோமா அது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து என மூன்றும் முடிந்து பிள்ளை பிழைத்தான். குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டோம், கவலை ஒழிந்தது என்றிருந்தோம்.

மூன்றாண்டு சென்றபின் எம்மிடம் தங்கிப் படித்தான். ஒரு கணக்குக்கு ஒரு நாழிகை ஆயிற்று. "சோம்பேறி" என்று யாமே கடிந்தோம். "விடை தெரியும் மாமா, எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது" என்றான்.

மருத்துவர் விளக்கிய பின்னரே உண்மை புலனாயிற்று. மூளை முழுவதும் செலுத்தும் கதிர், கட்டியை அழிப்பதோடு செய்தி கடத்தும் வெண்பொருளையும் நலிவிக்கின்றது. அவ்விளைவு ஆண்டுகள் கழிந்தே தோன்றும். கற்றது அழிவதன்று, புதியன கற்கும் விரைவும், கவனமும், நினைவில் இருத்தும் ஆற்றலுமே குறைகின்றன. இளவயதில் தீங்கு மிகுதி. ஆதலின் மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கதிரை இயன்றவரை தவிர்ப்பர். பரவாத நோய்க்கு, மூளை முழுவதற்கும் முன்பு தந்த 36 கிரே அளவும், மருந்தின் துணையால் 23.4 கிரேயாகக் குறைக்கப்பெற்றது.

செப்பனிட்ட இருப்புப்பாதையில் வண்டி மெதுவாகச் செல்ல வேண்டுமென்பது இரயில்வே விதி. அதற்காக ஓட்டுநரைச் சோம்பேறி என்பார் உண்டோ?

அன்பர்களே! இத்தகைய பிள்ளை உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இருப்பின், மருத்துவரின் அறிக்கையை ஆசிரியரிடம் சேர்ப்பியுங்கள். ஆண்டுதோறும் அறிவுத்திறனைச் சோதிக்கச் செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்று பெறத் தகுதியுண்டா என்று வினவுங்கள். சான்றிருப்பின் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் அவர்களுக்கென ஓர் இருக்கையும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் வேண்டும்.

கடிந்த சொல்லை மீட்க எம்மால் இயலாது. இனி ஒரு பிள்ளையும் அச்சொல்லைக் கேளாதிருக்க நம்மால் இயலும் என்று கூறி அமைகின்றோம்.